பினாயிலும் கவுன்சிலரும்

சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஆஸ்பத்திரியில் உதட்டைப் பிதுக்குவார்கள். "பினாயில் எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள், வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரைக்கும் மூன்றாவது மாடியைக் கை காட்டுவார்கள். அங்கே நான்கு ஆபரேஷன் தியேட்டர்கள். அந்த நான்கையும், அவற்றைச் சுற்றி ஓடும் நடைபாதையையும் இருபத்தாறு வருஷமாகச் சுத்தமாக வைத்திருப்பவர் அவர்தான். பெயர் வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதை விருது மாதிரி வாங்கி மாட்டிக்கொண்டார்.

தரை துடைப்பதில் என்ன இருக்கிறது, குனிந்து துணியை இழுப்பதுதானே என்று எவராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. பிடித்து உட்கார வைத்துப் பாடம் எடுப்பார். கழிவறைக்குச் சிவப்புத் துடைப்பான், வார்டுக்குப் பச்சை, தியேட்டருக்கு நீலம். ஒன்றை இன்னொன்றின் வாளியில் நனைத்தவன் அன்றைக்கே வேறு வேலை தேடிக்கொள்ளலாம். உள்மூலையில் தொடங்கி, எட்டு எழுதுகிற மாதிரி துடைத்துக்கொண்டே வாசலை நோக்கிப் பின்னால் நடந்து வர வேண்டும். ஈரத்தை மிதிக்கக் கூடாது. இத்தனைக்கும் மேலே ஒரு கட்டளை உண்டு. ஊற்றிய மருந்தைத் துடைத்து எடுக்கவே கூடாது. அது தரையிலேயே கிடந்து தானாகக் காய வேண்டும். காய்கிற அந்த நேரத்தில்தான் கிருமி சாகும். "ஊத்தறது வேலை இல்லப்பா, காயறதுதான் வேலை. தானா காயட்டும், துடைச்சுறாதே" என்று புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லுவார். சொல்லிச் சொல்லி அந்த மாடிக்கே அது பழமொழியாகிவிட்டது. தியேட்டர் பொறுப்பில் ஒரு மூத்த நர்ஸ் இருக்கிறார், எல்லோருக்கும் அவர் சிஸ்டர். டாக்டர்களையே நிற்கவைத்துக் கேள்வி கேட்பவர். அவரே பினாயில் தலையசைத்த பிறகுதான் நோயாளியை உள்ளே கொண்டுவருவார்.

வேலை முடிந்ததும் அவருக்கு ஒரு பழக்கம். வலது கையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு தடவை முகர்ந்து பார்ப்பார். வாசனை அடித்தால் திருப்தி. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைச் சுளித்தால் கூடுதல் திருப்தி.

வீட்டில் அவர் மனைவி. ரெடிமேட் துணிக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியை நாற்பது அடுக்காக விரித்து வைத்து, ஒரே வெட்டில் நாற்பது சட்டைக்குக் கை வெட்டுகிறவர். கத்தரியைக் கம்பெனியிலேயே வைத்துவிட்டு வந்தாலும் நாக்கை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். ஒரே மகள், கல்யாணமாகிக் கடல் கடந்து போய் ஐந்து வருஷமாகிறது. அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்தால் நேருக்கு நேர் பேசிக்கொள்வது கிடையாது. "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு", "உங்கம்மாகிட்ட எனக்குப் பசிக்கலன்னு சொல்லு" என்று எல்லாத் தகவலும் மகள் வழியாகத்தான் போய்வரும். மகள் போனதும் அந்தப் பதவி காலியானது. காலி இடத்துக்கு வந்து சேர்ந்தவர்தான் கவுன்சிலர்.

கவுன்சிலர் ஒரு பூனை. சாம்பல் நிறம், பெரிய தலை, ஏதோ ஒரு பழைய தகராறில் கிழிந்த இடது காது. ஒரு நாள் பின்பக்கச் சுவரேறிக் குதித்து, துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து, என் வீட்டில் நீங்கள் யார் என்கிற மாதிரி இரண்டு பேரையும் பார்த்தார். சாயங்காலமானால் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். ஒவ்வொரு வாசலிலும் நின்று விசாரிப்பார். எதிர்க்கட்சிப் பூனை எதிர்ப்பட்டால் அடிதடி. பெயர் தானாக அமைந்துவிட்டது. "கவுன்சிலரே, குழாய்ல தண்ணி வரல, என்னன்னு கேளுங்க" என்று அடுத்த வீட்டுக்காரர்கூட மனுக் கொடுப்பார். மூன்று பேர் இருக்கும் அந்த வீட்டில் மரியாதைக் குறைவு யாருக்கும் கிடையாது.

போன மழைக்காலத்தில் கவுன்சிலர் கழுத்தில் ஒரு கடியோடு வந்தார். கடி புதிதில்லை. ஆனால் இந்தக் கடி ஆறவில்லை. ஒரு மாதமாகியும் சீழ் வைத்துக்கொண்டே இருந்தது. ஈறு சிவந்து வீங்கியது, தின்பதைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார். கூடையில் வைத்து, பஸ் டிப்போவுக்குப் பின்னாலிருக்கும் பிராணி டாக்டரிடம் இரண்டு பேரும் கொண்டுபோனார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண், பெரிய கண்ணாடி. ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஒரு பிளாஸ்டிக் பட்டையில் விட்டார். பத்து நிமிஷத்தில் இரண்டாவது கோடு மெல்ல வந்தது.

"இவனுக்கு ஒரு வைரஸ் இருக்கு. பூனைக்குப் பூனை கடிச்சா வர்றது. மனுஷங்களுக்கு ஒட்டாது, பயப்படாதீங்க. ஆனா உடம்போட எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சிரும்."

"பொழைக்க மாட்டாரா டாக்டரம்மா?" என்றார் கட்டிங் மாஸ்டர்.

"ஏன் பொழைக்க மாட்டான்? நல்லாப் பாத்துக்கிட்டா இன்னும் பல வருஷம் இருப்பான். இந்த வைரஸ் வந்து கொல்றது கம்மிம்மா. இது இருக்கும்போது வேற ஏதாவது வந்து ஒட்டிக்கிட்டாத்தான் ஆபத்து. மத்த பூனைக்கு ரெண்டு நாள் சளி, இவனுக்கு அதுவே பெரிசாயிரும். இனிமே வெளிய விடாதீங்க. பச்சை மீனு, பச்சைக் கறி வேண்டாம், வேக வச்சுக் குடுங்க. வாரா வாரம் எடை பாருங்க. ஒரு நாள் சாப்பாடு குறைஞ்சாலும் பாக்கலாம் பாக்கலாம்னு இருக்காம உடனே கொண்டு வாங்க. அப்புறம், வீட்டைச் சுத்தமா வச்சுக்குங்க."

கடைசி வார்த்தையைக் கேட்டதும் பினாயில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கரும்பு தின்னக் கூலியா? பயத்தில் சுருங்கிப்போயிருந்த முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. மற்றதெல்லாம் அவருக்குப் புரியாத வித்தை. இது அவர் தொழில்.

"சுத்தம்தானே டாக்டரம்மா? அதை என்கிட்ட விட்டுருங்க."

அப்படிச் சொல்லிவிட்டு வந்த மனிதர் சும்மா இருப்பாரா? மறுநாளே பின்கதவுக்கு வலை அடித்தார். கவுன்சிலரின் ஊர்வலம் நின்றது, ஜன்னலோடு ஆட்சி சுருங்கியது. வாசலில் ஒரு தட்டு, அதில் மருந்துத் தண்ணீர். உள்ளே வருகிறவர்கள் செருப்பைக் கழற்றி, அந்தத் தட்டில் கால் நனைத்து, கை கழுவிவிட்டுத்தான் நுழைய வேண்டும். குடிதண்ணீர் கேன் கொண்டுவருகிறவர் இரண்டு நாள் பொறுத்தார், மூன்றாம் நாள் கேனை வாசலிலேயே உருட்டிவிட்டுப் போய்விட்டார். மகள் போனில், "ஏம்ப்பா, நான் ஊருக்கு வந்தா என்னையும் வேக வச்சுத்தான் உள்ள விடுவீங்களா?" என்று கேட்டாள்.

காலையில் வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை, சாயங்காலம் வந்ததும் ஒரு தடவை. பினாயிலை வாளித் தண்ணீரில் ஊற்றினால் பால் மாதிரி வெளுத்து வரும். அந்த வெளுப்பைப் பார்த்தாலே அவருக்கு மனசு நிறைந்துவிடும். டப்பாவில் ஒரு மூடி என்று போட்டிருந்தது. அது சாதாரண வீட்டுக்கு. நம் வீட்டில் நோயாளி இருக்கிறார் என்று இரண்டரை மூடி ஊற்றினார். உள்மூலையிலிருந்து எட்டுப் போட்டுக்கொண்டே வாசல் வரை வந்து, தெருவில் நின்று தரையைப் பார்ப்பார். துடைத்து எடுக்க மாட்டார். தானாகக் காய வேண்டும். கவுன்சிலர் படுக்கிற துண்டையும் அதே தண்ணீரில்தான் அலசினார்.

எடை பார்ப்பதற்கும் ஒரு முறை வைத்துக்கொண்டார். கவுன்சிலரைத் தூக்கிக்கொண்டு எடைமேடையில் ஏறுவார், அப்புறம் தனியாக ஏறுவார், கழித்துப் பார்த்துக் காலண்டரில் எழுதுவார். கழுத்துப் புண்ணுக்கு டாக்டர் கொடுத்த மருந்து வேலை செய்தது, வேகவைத்த கோழி உள்ளே இறங்கியது. முதல் மூன்று வாரம் நாலு கிலோவிலிருந்து நாலேகால் வரை ஏறினார். பினாயிலுக்குத் தலைகால் புரியவில்லை. சிஸ்டரிடம் காலண்டரைப் போட்டோ எடுத்துக் காட்டினார்.

அதற்கப்புறம் எடை இறங்கத் தொடங்கியது. நாலு. மூன்றே முக்கால். கழுத்துப் புண் ஆறிப்போய் முடி முளைத்திருந்தது, ஆனால் கவுன்சிலர் வாயோரம் எச்சில் வடிந்தது. கோழியை நாக்கால் தொட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் சொன்னது நினைவில் இருந்தும் இரண்டு நாள் தள்ளிப்போட்டார்கள், அதுதான் மனித சுபாவம். நடை வேறு மாறிவிட்டது. பீரோவிலிருந்து மேசைக்கு, மேசையிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து ஜன்னலுக்கு என்று தாவித் தாவித்தான் போவார். தவறிப்போய்த் தரையில் கால் பட்டால் அந்தக் காலை உதறுவார், உட்கார்ந்து நக்குவார்.

"ஏங்க, அவர் தரையில காலே வைக்க மாட்டேங்கறாரு, பாத்தீங்களா?"

"பலவீனம். தரை குளிருதுல்ல. எங்கிருந்தோ ஏதோ கிருமி உள்ள வந்திருக்கு."

"பலவீனமா இருக்கறவரா பீரோ மேல தாவுறாரு?"

நல்ல கேள்வி. அந்த வீட்டிலேயே கண் இருந்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் இருபத்தாறு வருஷ அனுபவம் காதை அடைத்துக்கொண்டிருந்தால் நல்ல கேள்வி எங்கே நுழையும்? எந்த வழியாகக் கிருமி வந்தது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார் பினாயில். தண்ணீர்க் கேனா, மனைவியின் சேலையில் ஒட்டிய துணித் தூசியா? இரண்டு வேளை துடைத்ததை மூன்று வேளையாக்கினார்.

அன்றைக்குத்தான் சண்டை. "இது வீடா, உங்க தியேட்டரா? எனக்கே தொண்டை எரியுது, கண்ணு எரியுது! ஜன்னலைத் தொறந்தா தூசி வருதுன்னு மூடறீங்க. அளவுக்கு மிஞ்சினா அமுதமும் நஞ்சுன்னு சும்மாவா சொன்னாங்க?"

"நாளைக்கு அவருக்கு ஒண்ணுன்னா நீ காப்பாத்துவியா? சுத்தத்தைப் பத்தி எனக்குச் சொல்லித் தராதே!"

அவ்வளவுதான், இரண்டு பேர் வாயிலும் பூட்டு விழுந்தது. இனி வழக்கம்போலக் கவுன்சிலர் வழியாகத்தான். முதல் நாள் கட்டிங் மாஸ்டர், "கவுன்சிலரே, உங்கப்பாகிட்ட டீ ஆறிப்போகுதுன்னு சொல்லுங்க" என்றார். கவுன்சிலர் பீரோ மேலிருந்து பாதிக் கண்ணைத் திறந்தார். இரண்டாம் நாள் அரை நாள் வேலை முடிந்து மத்தியானமே வந்த பினாயில், மனைவி அன்று விடுமுறையில் வீட்டில் இருக்கக் கண்டு, பீரோவைப் பார்த்து, "கவுன்சிலரே, உங்கம்மா சாப்பிட்டாங்களான்னு கேளுங்க" என்றார்.

கவுன்சிலர் தலையைத் தூக்கவில்லை. காதுகூட ஆடவில்லை.

"கவுன்சிலரே?"

ஸ்டூலைப் போட்டு ஏறிப் பார்த்தார். வாயடியில் துண்டு நனைந்திருந்தது. முன்னங்கால் லேசாக வெட்டி வெட்டி இழுத்தது. பினாயிலுக்கு மரியாதையெல்லாம் பறந்துபோய்விட்டது. "டேய், டேய், கண்ணைத் தொறடா, என்னைப் பாருடா" என்று கத்தினார். சமையலறையிலிருந்து கட்டிங் மாஸ்டர் ஈரக் கையோடு ஓடிவந்தார். சண்டை, மௌனம் எல்லாம் அங்கேயே கிடந்தன. துண்டோடு சுருட்டி எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் ஓடினார்கள்.

டாக்டர் துண்டைப் பிரித்தவர் சட்டென்று மூக்கைச் சுருக்கினார். துண்டை முகர்ந்தார். கவுன்சிலரின் முன்னங்காலைத் தூக்கி உள்ளங்காலை முகர்ந்தார்.

"சார், வீட்ல எதைப் போட்டுத் துடைக்கறீங்க?"

அந்த நேரத்திலும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது, பாவம். "பினாயில்தான் டாக்டரம்மா. அதுல குறையே வைக்கல. மூணு வேளை. ஒரு வாளிக்கு ரெண்டரை மூடி. துடைச்சு எடுக்கறதில்ல, அப்படியே காய விட்டுருவேன். இவர் துண்டையும் அதுலதான் அலசறேன். எங்க தியேட்டர்லகூட இவ்வளவு கிடையாது."

டாக்டர் கவுன்சிலரின் வாயைத் திறந்து காட்டினார். நாக்கின் ஓரமெல்லாம் வெந்து வெளுத்திருந்தது. பிறகு உள்ளங்காலைக் காட்டினார். சிவந்து, தோல் உரிந்திருந்தது.

"சார், பூனை எதை மிதிக்குதோ அதை நக்கும். நாள் முழுக்க உடம்பைத் தன் நாக்காலதான் சுத்தம் பண்ணிக்கும். நீங்க தரையில காய விட்டதையெல்லாம் இவன் கால்ல ஒட்டவச்சு எடுத்து நக்கியிருக்கான். நம்ம ஈரல் இதைக் கொஞ்சம் முறிச்சிரும். பூனை ஈரலுக்கு அது முடியாது. உள்ள போனது உள்ளேயே நிக்கும்."

"அப்போ கிருமி?"

"கிருமி எதுவும் வரல சார்."

"வெளியிலேருந்து ஏதோ..."

"எதுவும் வரல."

பினாயில் அந்தச் சிவந்த உள்ளங்காலை இன்னொரு தடவை பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. யாரும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. எந்த வழியாக வந்தது என்று தேடித் தேடிக் கதவிடுக்கெல்லாம் அடைத்தாரே, அது அவர் வாளியில்தான் இருந்தது. பூனை அதைத்தான் மிதிக்க மாட்டேன், மிதிக்க மாட்டேன் என்று நாற்காலி நாற்காலியாகத் தாவி இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"நானா?" என்றார்.

"தெரியாமப் பண்ணீங்க. நானும் சுத்தமா வச்சுக்குங்கன்னு மட்டும் சொன்னேன், எதால துடைக்கறீங்கன்னு கேக்கல. அந்தத் தப்பு என்னோடது." டாக்டர் அதற்குள் கவுன்சிலரின் கால்களை வெந்நீரில் கழுவத் தொடங்கியிருந்தார். "எதிர்ப்புச் சக்தி கம்மியா இருக்கற உடம்பு. மூணு நாள் இங்க டிரிப்ல இருக்கட்டும். இப்போ எதுவும் உறுதியாச் சொல்ல முடியாது."

வீட்டுக்குத் திரும்பி நடந்து வரும்போது கட்டிங் மாஸ்டரிடம் சொல்வதற்கு நூறு இருந்தது. நான் அப்பவே சொன்னேனே என்பது அதில் முதல். அதைச் சொல்ல அவருக்கு முழு உரிமையும் உண்டு. பக்கத்தில் வருகிற மனிதர் கையிரண்டையும் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவை வேறு யாருடையவோ என்கிற மாதிரி நடப்பதைப் பார்த்தார். வாய் வரை வந்ததை அப்படியே முழுங்கிவிட்டார். அந்த ஒரு முழுங்கலுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் இருவரும் திகைத்தார்கள். பேசவேண்டும், ஆனால் நடுவில் ஆள் இல்லை. கவுன்சிலர் பிராணி டாக்டரிடம். கொஞ்ச நேரம் பீரோவின் மேல்தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பினாயில் மனைவியை நேராகப் பார்த்தார்.

"நான்தான் அவருக்கு விஷம் வச்சேன்."

"விஷமா வச்சீங்க? உசிரை வச்சீங்க. வச்ச இடம்தான் தப்பு. வாங்க, வெந்நி போடறேன்."

வெந்நீரும் துணி சோப்பும் போட்டு வீடு முழுக்கக் கழுவினார்கள், நாலு தடவை. கடைசியில் இருவரும் முழங்காலிட்டு, ஆளுக்கொரு காய்ந்த துணியால் தரையை ஒற்றி ஒற்றி எடுத்தார்கள். "இத்தனை வருஷத்துல காயறதுக்கு முன்னாடி நீங்க துடைக்கறதை இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றார் கட்டிங் மாஸ்டர். பினாயில் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வராமல் வேறு வந்தது. முகத்தைத் திருப்பி, துடைத்த இடத்தையே இன்னொரு தடவை துடைத்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் வழக்கம்போல எட்டுப் போட்டார். அங்கே அது வேண்டும், அது இல்லாமல் ஆகாது. ஆனால் வேலை முடிந்ததும் கையை முகர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சிஸ்டர் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். சொன்னார், எல்லாவற்றையும், இரண்டரை மூடி வரைக்கும். சிஸ்டர் ஆறுதல் சொல்கிற ரகம் இல்லை. மேசை இழுப்பறையைத் திறந்து நர்ஸ்களின் குளியலறைச் சாவி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "வேலை முடிஞ்சதும் குளிச்சு, துணி மாத்திட்டு வீட்டுக்குப் போங்கண்ணே. இந்த வாசனை அவருகிட்டப் போகவேண்டாம்."

மூன்று நாள் ஐந்து நாளானது. ஐந்தாம் நாள் கவுன்சிலர் தானாக நான்கு வாய் தின்றார் என்று டாக்டர் போன் செய்தார். கூட்டிக்கொண்டு வந்தபோது மூன்றே கால் கிலோ, தோலுக்குள் முதுகெலும்பை எண்ணலாம். கூடையைத் திறந்ததும் கவுன்சிலர் முதலில் தரையை முகர்ந்தார். ஒரு காலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். நக்கிப் பார்க்கவில்லை. பிறகு நான்கு காலும் வைத்து, மெல்ல நடந்து கட்டிங் மாஸ்டர் காலடியில் போய் உட்கார்ந்தார்.

பினாயில் ஒரு அடி எடுத்து வைத்தார். கவுன்சிலர் அந்த உடம்போடு ஒரே தாவலில் பீரோ மேல் ஏறிவிட்டார்.

அன்றிலிருந்து அதுதான் நிலைமை. அவர் வாசலில் கால் வைத்தால் கவுன்சிலர் பீரோவில். குளித்தார், சோப்பை மாற்றினார், வேலைத் துணியை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்தார். இருபத்தாறு வருஷம் ஊறியது ஒரு குளியலில் போய்விடுமா? டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பொடித்துக் கோழியில் கலந்து கொடுப்பதும், எடை பார்ப்பதும் கட்டிங் மாஸ்டர் வேலையாயிற்று. மூன்றரை, மூன்றே முக்கால் என்று அவர் சொல்லச் சொல்லப் பினாயில் காலண்டரில் எழுதினார். கவுன்சிலர் பிழைத்துவிட்டார், அது போதும் என்று எல்லோரிடமும் சொன்னார். போதவில்லை என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"கவுன்சிலரே, உங்கப்பாவைப் பெரிய மனசு பண்ணி மன்னிச்சிருங்க" என்று ஒரு நாள் கட்டிங் மாஸ்டர் பீரோவைப் பார்த்துச் சொன்னார். சண்டை இல்லாத நாளில் கவுன்சிலர் வழியாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"அவரை வற்புறுத்தாதே" என்றார் பினாயில். "அவர் சரியாத்தான் இருக்காரு. நான் தியேட்டர்ல யாரையாவது நம்பாம நிப்பேன்ல, அப்படித்தான்."

டாக்டர் ஒரே ஒரு யோசனை சொன்னார்: "துரத்திப் பிடிக்காதீங்க. நீங்க தரையில உக்காருங்க, அவனா வரட்டும்." ஆகவே தினமும் சாயங்காலம் குளித்துவிட்டு வந்து, பீரோவிலிருந்து நாலடி தள்ளித் தரையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். ஒரு மாதம் படித்தார். உலக நடப்பு முழுக்க அவருக்கு அத்துப்படியாகிவிட்டது. கவுன்சிலர் பீரோ மேலிருந்து கவனித்தார். ஒரு நாள் மேசை வரை இறங்கினார். இன்னொரு நாள் நாற்காலி. பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டதும் திரும்பப் பீரோ.

ஒரு திங்கட்கிழமை காலை. பினாயில் குளித்து முடித்து, வேலைக்குக் கிளம்பி, வாசலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஆறேகால் பஸ். பின்னால் தொம்மென்று மெல்லிய சத்தம். திரும்பவில்லை. கால்கள் தரையில் வருவது தெரிந்தது, நான்கு காலும். வலது பக்கமாக வந்து, கயிற்றை விட்டுத் தரையில் ஊன்றிய அவர் வலது கையை ஈரமான மூக்கு தொட்டது. நாக்கு வெளியே வந்தது.

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். அவ்வளவு பயம். கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். ஒன்றும் இல்லை. இருபத்தாறு வருஷம் வாசனை இருக்கிறதா என்று முகர்ந்த கை. ஒன்றும் இல்லை என்று அது சொல்லியும் நம்பவில்லை, எழுந்து ஓடிப்போய்ப் பச்சைத் தண்ணீரில் முழங்கை வரை மூன்று தடவை கழுவி, துணியால் ஒற்றி எடுத்தார். திரும்பும்போதுதான் செய்த முட்டாள்தனம் உறைத்தது. ஒரு மாதம் காத்திருந்து, வந்தவரை உதறிவிட்டு ஓடினால் எந்தப் பூனை காத்திருக்கும்?

கவுன்சிலர், இன்னும் மாட்டாத மற்ற ஷூவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

பினாயில் மெல்ல உட்கார்ந்து கையைத் தரையில் வைத்தார். கவுன்சிலர் சுண்டுவிரலில் தொடங்கினார். உப்புத்தாள் மாதிரி நாக்கு. ஒரு விரல் முழுக்க முடித்துவிட்டுத்தான் அடுத்த விரல். இடுக்கு விடவில்லை, நகக்கண் விடவில்லை, துடைத்த இடத்தில் காலை வைக்கவில்லை. வேலை தெரிந்த ஆள். மோதிர விரல் முடிகிறபோது பினாயிலுக்குக் கண் மறைத்தது. கையை அசைத்துவிடுவோமோ என்று கண்ணைக்கூடத் துடைத்துக்கொள்ளவில்லை. ஆறேகால் பஸ் தெருமுனையில் நின்று, போனது. அது போகிற சத்தம் அவருக்கு நன்றாகவே கேட்டது. சமையலறை வாசலில் கட்டிங் மாஸ்டர் டீத் தம்ளரோடு வந்தவர், வந்த இடத்திலேயே நின்றார்.

ஏழு மணிக்குப் போன் அடித்தது. இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாள் தாமதமாக வராத ஆளைக் காணோம் என்றால் அடிக்காதா? இன்னொரு கையால் எடுத்தார்.

"அண்ணே, எங்க இருக்கீங்க? உடம்பு சரியில்லையா? எட்டரைக்கு முதல் கேஸ் இருக்கு."

"சிஸ்டர்," என்றார் ரகசியம் சொல்கிற குரலில், "கொஞ்சம் லேட்டாகும். கவுன்சிலர் என்னைச் சுத்தம் பண்ணிக்கிட்டு இருக்காரு. இப்பத்தான் ஒரு கை முடிஞ்சிருக்கு."

அந்தப் பக்கம் மூன்றாவது மாடியில் யாரோ வாளியை உருட்டிக்கொண்டு போவது கேட்டது. பிறகு சிஸ்டர் சொன்னார்: "முதல் கேஸை ஒன்பதரைக்குத் தள்ளி வைக்கறேன். அவசரப்படாதீங்கண்ணே. தானா காயட்டும், துடைச்சுறாதீங்க."